சம்பளத்துக்குத்தான் இருந்தாள்னு சொல்லுங்க தம்பி

என் மகன் வயிற்றுப் பேத்தி கனடா போகப் போகிறேன் என்று கிளம்பியபோது, அங்கே குளிர் ஆளைக் கொல்லும் என்றுதான் எல்லோரும் பயமுறுத்தினார்கள். குளிரைப் பற்றிக் கனடாக்காரர்கள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவர்கள் கேட்டதெல்லாம், நீ வேலை பார்த்தாயா என்பதுதான்.

எங்கள் வீட்டில் அதற்குச் சாட்சி தேவையே இல்லை. கணபதி ஏரியாவில் ஒரு பம்ப் கம்பெனியில் அவளுக்கு வேலை. செய்து முடித்த மோட்டார் பம்பைத் தொட்டியில் இறக்கி ஓட்டிப் பார்ப்பாள். எவ்வளவு தண்ணீர் இறைக்கிறது, எவ்வளவு கரண்ட் இழுக்கிறது, எங்கே ஒழுகுகிறது என்று பார்த்து, சரியில்லை என்றால் திருப்பி அனுப்பிவிடுவாள். காலையில் கம்பெனி வேனில் போனால் இருட்டும்போது வருவாள், நகக்கண்ணில் கிரீசோடு. அவளுடைய சுடிதாரைத் துவைக்கிற என் மருமகளைக் கேட்டால் கனடாவுக்கு வேண்டிய ஆதாரமெல்லாம் சோப்புக் கணக்கோடு சொல்லியிருப்பாள்.

அது செல்லாதாம். காந்திபுரத்தில் விசா ஏஜென்ட் சொன்னதைப் பேத்தி எனக்கு விளக்கினாள். கைத்தொழில் தெரிந்த வேலையாக இருக்க வேண்டும். விடாமல் ஒரு வருஷமாவது பார்த்திருக்க வேண்டும். வாரத்துக்கு முப்பது மணி நேரம். முக்கியமாக, சம்பளம் வாங்கியிருக்க வேண்டும்.

"முப்பது மணி நேரமா? புதன்கெழமையே தீந்து போயிருமே கண்ணு. மிச்ச நாள்ல என்ன பண்ணுவாங்களாமா?"

"ஊட்டுல இருப்பாங்க அப்பத்தா."

"அப்ப அது வேலை இல்ல. ஒறம்பரை ஊட்டுக்கு விருந்துக்குப் போயிட்டு வாரது."

சரி, அந்தக் கணக்கில் எனக்கு எத்தனை வருஷம் தேறும் என்று கேட்டேன். மாடு, கன்று, காடு, கரை, அடுப்பு எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சம்பளம் வாங்குனீங்களா?" என்றாள்.

"எங்க ஊட்டுக்காரரு ஒருக்கா கொடுமுடிக் கோயிலுக்குக் கூட்டிட்டுப் போனாரு."

"அது கணக்குல வராதுங்க அப்பத்தா."

ஆக, கனடாச் சட்டப்படி நான் பிறந்ததிலிருந்து ஒரு வேலையும் செய்ததில்லை. இதையேதான் என் மருமகளும் இத்தனை நாளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அவளுக்குப் பின்னால் ஒரு கவர்மென்டே இருக்கிறது என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

பேத்திக்குப் பிரச்சினை இல்லை என்றுதான் நினைத்தோம். அவளுக்கு மாதம் பிறந்தால் சம்பளம் பேங்கில் விழுகிறது. முதலாளி ஒரு கடுதாசி கொடுத்தால் போதும். இன்ன வேலை பார்த்தாள், இத்தனை மணி நேரம் பார்த்தாள், இவ்வளவு சம்பளம் என்று.

அந்த முதலாளியைப் பற்றிச் சொல்ல வேண்டும். காங்கேயம் பக்கத்துக்காரர். தோட்டத்தில் அடிக்கடி மோட்டார் புகைந்துபோய், அதைப் பிரித்து மாட்டிப் பழகி, கடைசியில் கம்பெனியே வைத்துவிட்டவர். என்னைவிட வயதில் இளையவர் என்பதால் என்னை அக்கா என்பார். நல்ல மனுஷன். அவரிடம் ஒரே ஒரு குறை, யாரையும் "என்கிட்ட வேலை பாக்கறாங்க" என்று சொல்லமாட்டார். லேத்தில் நிற்பவர் மாப்பிள்ளை. வெல்டிங்காரர் பங்காளி. வாட்ச்மேன் மாமா. என் பேத்தி, "நம்ம ஊட்டுப் பொண்ணு". எங்கள் பக்கத்தில் அதுதான் வழக்கம். காட்டில் களையெடுக்க வந்தவர்களைக்கூட "கூடமாட ஒத்தாசைக்கு வந்திருக்காங்க" என்போம். ஒருத்தரை இன்னொருத்தர் எதிரில் வேலைக்காரர் என்றால் சொன்னவருக்குத்தான் மரியாதைக் குறைவு.

சம்பளத்தை ஒரு நாள் தள்ளிப் போட்டவர் இல்லை. ஆனால் சம்பளம் என்ற வார்த்தை மட்டும் அவர் வாயில் வராது. "அது வந்துருச்சுங்களா அம்மணி?" என்றுதான் கேட்பார்.

கடுதாசி என்றதும் சந்தோஷமாக அவரே உட்கார்ந்து எழுதிக் கொடுத்துவிட்டார். பேத்தி எனக்குத் தமிழில் படித்துக் காட்டினாள். இந்தப் பெண் எங்கள் குடும்பத்தில் ஒருத்தி. தங்கமான குணம். பெரியவர்களை எதிர்த்து ஒரு சொல் பேசமாட்டாள். நல்ல இடத்துப் பெண். போகிற இடத்தில் நல்லபடியாக வைத்துக்கொள்ளவும்.

"இத வெச்சுக் கனடா போக முடியாது. நல்ல மாப்பிள்ளை கெடைப்பான்," என்றேன்.

பேத்தி சிரிக்கவில்லை. ஆபீசில் கணக்கு எழுதுகிறவரைப் பிடித்து முறைப்படி வேறொன்று அடித்து எடுத்துப் போனாள். முதலாளி கையெழுத்துப் போட்டார், ஆனால் மனசே இல்லாமல்.

"ஏன் அம்மணி, ரூவா இத்தனைன்னு போட்டா, காசுக்காக வந்து நின்ன புள்ளைன்னு நெனச்சுப்போட மாட்டாங்களா?"

"அதத்தாங்க சார் அவங்க நெனைக்கோணும்."

அது போய்ச் சேர்ந்தது. நாங்களும் காத்திருந்தோம். ஒரு நாள் சாயங்காலம் முதலாளியே எங்கள் வீட்டுக்கு வந்தார். முகமெல்லாம் பல்.

"ஏனுங்க்கா, கனடாவுல இருந்து போன் பண்ணிட்டாங்க! ஒரு பொம்பளப் புள்ளை. நல்லாச் சொல்லிப்போட்டேன், கவலையே படாதீங்க."

"என்ன கேட்டாங்க சார்?" என்றாள் பேத்தி.

"இந்தப் பொண்ணு உங்ககிட்ட வேலை பாத்துச்சான்னு கேக்கறா. எனக்குச் சுருக்குன்னு ஆயிருச்சு. 'நோ நோ மேடம், நோ வொர்க்கர், ஷீ இஸ் அவர் ஹவுஸ் கேர்ள்'னு சொல்லிட்டேன்."

பேத்தி மெதுவாகச் சேரில் உட்கார்ந்தாள். "சம்பளம் கேட்டாங்களா?"

"கேக்காம இருப்பாங்களா? 'வாட் சேலரி மேடம், அவர் ஓன் கேர்ள்'னு சொன்னேன். அதுக்கு மேல அவ ஒரு கேள்வி கேக்கலயே!"

காபியைக் குடித்துவிட்டுத் திருப்தியாகப் போனார். வீடு தேடி வந்தவரிடம் யார் என்ன சொல்ல முடியும்? இன்னொரு டம்ளர் வேண்டுமா என்றுதான் என் மருமகள் கேட்டாள்.

அவர் போன பிறகு பேத்தி எனக்குச் சொன்னாள். நம்ம ஊட்டுப் பொண்ணு என்பதை அவர் அப்படியே இங்கிலீஷில் தூக்கி வைத்துவிட்டார். அந்த இங்கிலீஷுக்கு, வீட்டோடு இருந்து பாத்திரம் கழுவுகிற பிள்ளை என்று அர்த்தமாம். அதுவும் சம்பளம் இல்லாமல்.

கொஞ்ச நாளில் மெயில் வந்தது. பம்ப் பரிசோதிக்கிறவள் என்று நீ எழுதியிருக்கிறாய். உன் முதலாளி வேறு சொல்கிறார். விளக்கம் கொடு. கொடுக்காவிட்டால் விண்ணப்பம் தள்ளுபடி. பொய் சொன்னது என்று முடிவானால் சில வருஷத்துக்கு மறுபடி கேட்கவும் முடியாது.

தள்ளுபடியைவிட, பொய் என்ற வார்த்தைதான் அவளைப் பிடித்துக்கொண்டது. தட்டில் சோற்றை வைத்துக்கொண்டு அதைப் பிசைந்தபடியே இருந்தாள். நான் ஒரு தடவை வேடிக்கையாக ஏதோ சொல்லிப் பார்த்தேன். என் மகன் என்னைப் பார்த்த பார்வையில் நிறுத்திக்கொண்டேன்.

பேங்க் காகிதம், பி.எஃப். காகிதம், சம்பளச் சீட்டு எல்லாவற்றையும் அனுப்பினாள். ஆனாலும் அவர்கள் மறுபடி முதலாளிக்குப் போன் செய்வார்கள் என்று ஏஜென்ட் சொல்லிவிட்டார். எப்போது என்று சொல்லமாட்டார்களாம்.

"நீயே போயி அவருகிட்ட வெவரமாச் சொல்லு கண்ணு."

"என்னன்னு சொல்றதுங்க அப்பத்தா? நான் உங்க ஊட்டுப் பொண்ணு இல்லீங்கன்னு எப்படி அவரு மொகத்தப் பாத்துச் சொல்றது?"

அவளுக்கும் அதே வியாதி. அதனால் நான் போனேன். உக்கடத்தில் பஸ் மாறி, முதலாளி வீட்டுக்கே போனேன். அவர் செய்தது என்னவென்று சொன்னதும் மனுஷன் அரண்டுவிட்டார்.

"அடக் கடவுளே. அந்தப் புள்ளையப் பாத்திரம் கழுவறவளுன்னா சொல்லிப்போட்டேன்?"

"பரவால்லீங்க தம்பி. இப்பப் பழகிக்கலாம். நாந்தான் கனடா. நீங்க போனை எடுங்க." என் மூக்குக்கண்ணாடிக் கூட்டைக் காதில் வைத்துக்கொண்டேன். "ஹலோ. இந்தப் பொண்ணு உங்களுக்கு என்ன வேணும்?"

"பேத்தி மாதிரிங்க மேடம்."

"போச்சு. இன்னொருக்கா. என்ன வேணும்?"

"மக மாதிரிங்க."

"இன்னுங் கிட்டக்க வந்துட்டீங்க தம்பி. தூரப் போகோணும்."

நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "அப்ப என்னதானுங்க்கா சொல்றது?"

"எனக்கு ஒண்ணும் ஒறவு இல்லீங்க, சம்பளத்துக்குத்தான் இருந்தாள்னு சொல்லுங்க."

"எனக்கு ஒண்ணும்..." என்று ஆரம்பித்து, தொண்டையைச் செருமினார். "அந்தப் புள்ளை எனக்கு ஒண்ணும் ஒறவு இல்லீங்க!"

காபியோடு வந்த அவருடைய சம்சாரம் வாசற்படியிலேயே நின்றுவிட்டது. "ஐயோ, என்னாச்சுங்க? எதுக்கு இப்படிப் பேசறீங்க? அக்கா, ஏதாச்சுஞ் சண்டையா?"

"சண்டை இல்லம்மணி. விசா," என்றேன்.

உறவு இல்லை என்பதுகூடச் சீக்கிரம் வந்துவிட்டது. சம்பளம்தான் வரவில்லை. புருஷன் பேரைச் சொல்லச் சொன்ன புதுப்பெண் மாதிரி, "அதுங்க... மாசாமாசம் அதுங்க..." என்று நெளிந்தார். நானும் விடவில்லை. கடைசியில் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டு சொன்னார். கிளம்பும்போது, சாப்பிடும்போதும் சொல்லிப் பழகச் சொன்னேன்.

இரண்டாவது போன் வந்ததை லேத் மாப்பிள்ளை வந்து சொன்னார். கம்பெனிக்குள் மெஷின் சத்தம் என்று முதலாளி முற்றத்துக்குப் போய், கொடியேற்றத்துக்கு நிற்பதுபோல் விறைப்பாக நின்றாராம். "எஸ் மேடம்! வொர்க்கர்! ஒன்லி சேலரி! நோ ரிலேஷன்!" என்று தெருவுக்கே கேட்கும்படி கத்தினாராம். அப்புறம் போனில் பேசிய பெண், என்ன வேலை என்று கேட்டிருக்கிறாள். தண்ணீர் இறைக்கிற அளவு, கரண்ட், கசிவு என்று அவர் ஆரம்பித்ததும், போதும் போதும் என்று அவளே வைத்துவிட்டாளாம்.

அன்றைக்கு மத்தியானம் அவர் சாப்பிடவில்லை. சாயங்காலம் ஒரு டின் தேங்காயெண்ணெயோடு எங்கள் வீட்டு வாசலில் நின்றார்.

"அம்மணி, இன்னைக்கு உன்னயப் பத்திக் கேவலமாப் பேசிப்போட்டேன். மனசுல வெச்சுக்காத சாமி."

மெயில் வந்த நாளிலிருந்து பேத்தி அன்றைக்குத்தான் சிரித்தாள். சிரித்துக்கொண்டே உள்ளே ஓடி, கொஞ்ச நேரம் கழித்துத்தான் வந்தாள்.

விசா வந்துவிட்டது.

ஏர்போர்ட்டுக்கு அவரும் வந்தார். பேத்தியின் பெரிய பெட்டியை யாரிடமும் கொடுக்காமல் அவரே தள்ளிக்கொண்டு போனார். பேத்தி வாசலுக்குள் நுழைந்ததும், பின்னாலேயே இவரும் நுழையப் போனார். காவலுக்கு நின்ற பையன் கையை நீட்டி மறித்தான். நம்ம பக்கத்துப் பையன்தான்.

"டிக்கெட் இல்லாம உள்ள போகக்கூடாதுங்க ஐயா. நீங்க ஆருங்க? உள்ள போன அக்காவுக்கு என்ன வேணும்?"

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். நேராக நிமிர்ந்து நின்றார்.

"எனக்கு ஒண்ணும் ஒறவு இல்லீங்க. சம்பளத்துக்கு வேலை பாத்த புள்ளைங்க."

கொஞ்சமும் தடுமாறவில்லை. சம்பளம் என்பது கணீரென்று வந்தது.

"அப்பறம் எதுக்குங்க இத்தனை தூரம் வந்தீங்க?" என்றான் அந்தப் பையன்.

அதற்கு நான் பதில் பழக்கியிருக்கவில்லை. அவர் பெட்டியை உள்ளே தள்ளிவிட்டு, பேத்தி கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போய்க் கையாட்டுகிற வரைக்கும் நின்றுவிட்டு, என் பக்கத்தில் வந்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தை நன்றாகத் துடைத்தார்.

"சரியாச் சொன்னனுங்களாக்கா?"

"சரியாச் சொன்னீங்க தம்பி."

"இனி மாத்திச் சொல்லலாங்களா?"

விமானம் இன்னும் தரையில்தான் நின்றது. கொஞ்சம் பொறுக்கச் சொன்னேன்.