மூன்று வேனுக்கும் ஒரே கூடை

மலேசியாவில் பீடோங்கைச் சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்து தொழிற்சாலைக்கு ஆள் ஏற்றிப்போகும் வேன் ஓட்டுகிறேன். மொத்தம் மூன்று வேன். பிள்ளைகளே, காலையில் ஒருவரை விட்டுவிட்டுப் போனால் அன்றைய வேலை அவருக்கு இல்லை.

பொலிடெக்னிக்கில் படிக்கும் என் மகள் இதற்கு ஒரு புரோகிராம் எழுதினாள். ஏறுகிறவர் பெயரைக் கைப்பேசியில் தட்ட வேண்டும். இருக்கைகள் நிரம்பினால் பச்சை விளக்கு எரியும், கிளம்பலாம். என் வேனில் மட்டும் போட்டுப் பார்த்தோம், நன்றாக ஓடியது. வேன் உரிமையாளர் மூன்றிலும் போடச் சொன்னார்.

மறுநாள் கடைசித் தோட்டத்தில் நிற்கிறேன், பச்சை எரிகிறது. சோற்று மங்கு, அதாவது தூக்குச்சட்டியோடு நின்ற அக்காவிடம், "நெறஞ்சிருச்சாம்க்கா" என்றேன். அவர் உள்ளே எட்டிப் பார்த்தார். பாதி இருக்கை காலி.

"பேய ஏத்திக்கிட்டுப் போறியா தம்பி? கொஞ்சம் தள்ளி உக்காரச் சொல்லு, நானும் வரேன்."

வேனே சிரித்தது. விஷயம் கேட்ட உரிமையாளர் சிரிக்கவில்லை. "நாளைக்கு ஒரு நாள் பாக்குறேன் லா. சரியா வரலன்னா பழையபடி தலைய எண்ணுங்க."

மாலையில் வீட்டில் இதைக் கேட்டதும் மகளின் முகம் சுருங்கிவிட்டது. என் கைப்பேசியைப் பார்த்தால், மற்ற இரண்டு வேனில் ஏறியவர்களும் அதில் இருந்தார்கள். தான் எழுதியதை மேலிருந்து படித்தவள் நெற்றியில் தட்டிக்கொண்டாள்.

"அப்பா, புரோகிராம்ல மொதல்ல அச்சு மாதிரி ஒரு 'மாதிரி வேன்' செஞ்சேன். அதப் பாத்துதான் மூணு வேனும் பொறந்துச்சு. பேர் போடுற கூடைய அந்த மாதிரி வேன்லயே வச்சிட்டேன். தன்கிட்ட கூடை இல்லாத வேன் மாதிரி வேன்கிட்டதான் போய்த் தேடும். மூணும் ஒரே கூடையில போட்டிருக்கு."

"ஒரு வேன் ஓடினப்ப தெரியலையே?"

"ஒத்தப் பிள்ளை வீட்டுல தட்டுக்குச் சண்டை வருமா?"

புரோகிராமில் ஒவ்வொரு வேனும் பிறக்கும்போதே அதற்கென ஒரு கூடை கொடுத்தாள். எல்லாருக்கும் பொதுவான சிப்ட் நேரத்தை மட்டும் மாதிரி வேனிலேயே விட்டுவைத்தாள்.

மறுநாள் யாரும் விடுபடவில்லை. உரிமையாளர் தலையசைத்தார்.

நோன்பு மாதம் வந்தது. வேலை நேரத்தை முன்னே தள்ளிவிட்டார்கள். "மூணு பேருக்கும் போன் அடிக்கணுமே" என்று உரிமையாளர் அலுத்துக்கொண்டார். மகள் மாதிரி வேனில் ஒரே இடத்தில் நேரத்தை மாற்றினாள். அந்த நொடியே மூன்று கைப்பேசியிலும் புதிய நேரம் வந்து நின்றது.

"இனிமே தலைய எண்ண வேணாம்" என்றார் அவர்.

கடைசித் தோட்டத்தில் அந்த அக்கா ஏறினார். அப்போதுதான் பச்சை எரிந்தது.

"பேயெல்லாம் எறங்கிருச்சா தம்பி?"

"எல்லாம் அதது வேனுக்குப் போயிருச்சுக்கா" என்று சொல்லி, ஹாரனை நீளமாக அடித்துக் கிளம்பினேன்.