படலையில் திரும்புகிறவர்

நாவற்குடா வீட்டிலிருந்து, வசிய மருந்து காய்ச்சும் கணினி விளையாட்டு ஒன்றை உருவாக்குகிறேன். இந்த வாரம் ஒரு பிழை. மருந்து குடித்த வழிப்போக்கன் வாசல் படலைவரை போய், கொழுக்கியில் கைவைத்துவிட்டுத் திரும்பி வருகிறான். நான் அப்படி எழுதவேயில்லை.

அப்பா அப்படித்தான் செய்வார். யாழ்ப்பாணத்திலிருந்து இங்கே வேலைக்கு வந்தவர். "அங்கை தேத்தண்ணியிலை மருந்து போடுவினம், குடிச்சால் பாயோடை ஒட்டிடுவாய், திரும்பி வரமாட்டாய்" என்று அவருடைய தாய் சொல்லித்தான் அனுப்பினாராம். வாவியின் சேற்று மணம் ஏறும் பின்னேரங்களில், ஊருக்குப் போக வெள்ளைச் சேட்டுப் போட்டுக்கொண்டு படலைக் கொழுக்கியைத் தொட்டபடி நிற்பார். பிறகு, "நாளைக்குப் போவம்" என்று திரும்பிவிடுவார். அந்தத் தாய் செத்த அன்றும் திரும்பினார்.

அம்மா திரையை எட்டிப் பார்த்தார்.

"அவர் போகமாட்டார் மனே."

நாளைக் காலை நான் கொழும்பில் புதிய வேலைக்குக் கிளம்ப வேண்டும். அம்மா வைத்த தேத்தண்ணியில் பாதியைக் குடித்திருந்தேன்.