சூரியப் புயலுக்கு ஊக்கு ஆகாது

இன்று காலை அலுவலகத்துக்குக் கிளம்பும் அவசரத்தில், முந்தானை மடிப்பில் குத்த வேண்டிய ஊக்கு என் கட்டைவிரலில் குத்திவிட்டது. விரலை வாயில் வைத்துக்கொண்டு நின்றபோது, வலியை முந்திக்கொண்டு சிரிப்பு வந்தது. ஒரு காலத்தில் ஊக்கு என்றாலே எனக்குப் பகை. எதிரே வருகிற பெண்களின் தாலிக்கொடியைத்தான் முதலில் பார்ப்பேன், அதில் ஊக்கு தொங்குகிறதா என்று. நகை பறிக்க வந்தவளின் பார்வை போல இருந்திருக்கும். என்ன செய்ய, நான் பார்த்த உத்தியோகம் அப்படி.

என்ன உத்தியோகம் என்று நீங்கள் கேட்பதற்கு முன்னால் என் அப்பாவின் விளக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். போடி பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் யாராவது, "மக என்ன சோலி பாக்குறா?" என்று கேட்டால், "சூரியனுக்குக் காய்ச்சல் அடிக்குதா இல்லையான்னு பாக்குறாப்பா" என்பார். கேலிதான். ஆனால் இதைவிட மோசமான விளக்கங்களை நானே பிற்பாடு மேடையேறிச் சொல்லியிருக்கிறேன்.

சூரியன் சில சமயம் கொதித்துப் பொங்கி, தன்னில் கொஞ்சத்தை வெளியே வீசும். அது பூமியை நோக்கி வந்தால், பூமியின் காந்தப் புலம் நடுங்கும். மின்கம்பிகள், செயற்கைக்கோள்கள், விமானங்களின் வானொலி என்று எதை வேண்டுமானாலும் அது தொந்தரவு செய்யலாம். இதை ஓர் ஊரில் உட்கார்ந்துகொண்டு அறிய முடியாது. அதனால் நாட்டின் பல மூலைகளிலிருந்த ஆய்வு நிறுவனங்களும் கல்லூரிகளும் கைகோத்து, ஆளுக்கொரு காந்தமானியை வைத்து, ஒரே நேரத்தில் அளந்து பார்ப்பது என்று ஒரு கூட்டுத் திட்டம் தொடங்கியது. அதில் நம் தெற்குக் கோடிக்கு ஒரு விசேஷம் உண்டு. வெயில் ஏற ஏற, நம் தலைக்கு மேலே வெகு உயரத்தில் மின்சாரம் ஓர் ஆறு போலக் கிழக்கே ஓடும். வடக்கே இருப்பவர்களுக்கு அந்த ஆறு இல்லை. அதைப் பார்ப்பதற்காகத்தான் குரங்கணிக்கு மேலே, ஏலத்தோட்டம் தொடங்கும் சரிவில், ஒரு பழைய ஓட்டுக் கட்டடத்தைப் பிடித்தார்கள். உள்ளே ஒரு கருவி, ஒரு பொறியாளர், அப்போதுதான் இயற்பியல் முடித்திருந்த நான்.

பொறியாளர் சுதீப்தா, கொல்கத்தாக்காரர். நடுத்தர வயது, தடித்த கண்ணாடி. 'மேடம்' என்றால் திரும்பிப் பார்க்க மாட்டார், வங்காளத்தில் அக்காவைக் கூப்பிடுகிற மாதிரி 'தீதி' என்றால்தான் பதில். டீ, சோறு, பருப்பு எல்லாவற்றிலும் ஏலக்காயைத் தட்டிப் போடுவார். "இவ்வளவு பக்கத்துல இருக்கு, போடாம இருந்தா பாவம்" என்று அவருடைய தமிழில் சொல்வார். போடியில் பிறந்த எனக்கு ஏலக்காய் வாசம் காற்றோடு காற்று. எங்கள் தெருவில் காயை உலர்த்தும் ஸ்டோரிலிருந்து வரும் அந்தச் சூடான, இனிப்பான நெடியை நான் கவனித்ததே இல்லை. தீதி வந்து மோந்து பார்த்துச் சொன்ன பிறகுதான், அட, நம் ஊருக்கு ஒரு மணம் இருக்கிறதே என்று எனக்கு உறைத்தது.

தினமும் காலையில் எல்லா நிலையங்களும் தொலைபேசியில் ஒன்றுகூடும். ஒருங்கிணைப்பாளர் ஒவ்வோர் ஊராகப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். "போடி?" என்று அந்த இந்திக் குரல் அதட்டும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வரும். அகில இந்தியாவும் சேர்ந்து என்னைப் 'போடி' என்று விரட்டுகிறதே! தீதிக்கு அதைப் புரிய வைக்க ஒரு முழு மத்தியானம் ஆனது. புரிந்த பிறகு அவரால் அந்தப் பெயரைச் சிரிக்காமல் சொல்ல முடியாமல் போனது.

ஆனால் ஒருநாள் அந்தக் குரல் நிஜமாகவே எங்களை விரட்டியது. எங்கள் கருவி வரைந்த படத்தில் காலையும் மாலையும் ரம்பப் பல் போலக் கோடு குதித்துக்கொண்டிருந்தது. மற்ற ஊர்களில் அது இல்லை. "எல்லா நிலையமும் சேர்ந்து அளக்கிற காலம் நெருங்குகிறது. அதற்குள் போடி சுத்தமாகாவிட்டால், கருவியை வேறு ஊருக்கு மாற்ற வேண்டியிருக்கும்" என்றார் ஒருங்கிணைப்பாளர், மிகவும் பணிவாக. பணிவாகச் சொன்னதுதான் பயமாக இருந்தது. கருவி போனால் என் வேலையும் போகும். அப்பா வங்கித் தேர்வுப் புத்தகங்களை ஏற்கெனவே வாங்கி, என் கண்ணில் படுகிற தட்டில் அடுக்கியிருந்தார்.

பல் எங்கிருந்து வருகிறது என்பதைத் தீதிதான் ஊகித்தார். கட்டடத்துக்குக் கீழே இருந்த வளைவில்தான் பால்பாண்டி அண்ணனின் ஜீப்பு நின்று, தோட்டத்தில் காயெடுக்கும் பெண்களை இறக்கும், ஏற்றும். ஜீப்பு முழுக்க இரும்பு, காந்தமானியோ பக்கத்தில் இரும்பு அசைந்தாலே துள்ளும். அண்ணனை முன்னாலும் பின்னாலும் வண்டியை எடுக்கச் சொல்லி, நான் உள்ளே கோட்டைப் பார்த்தேன். வண்டி நெருங்கினால் கோடு ஏறியது, விலகினால் இறங்கியது. விஷயத்தைச் சொன்னதும் அண்ணனுக்கு ஒரே பெருமை. "நம்ம வண்டி அசைஞ்சா சூரியனே ஆடுதா!"

ஜீப்பு நிற்கும் இடத்தைக் கீழே தள்ளி வைத்தால் முடிந்தது என்று நினைத்தேன். அன்று சாயங்காலம் வேலை முடிந்து இறங்கி வந்த பெண்களை வளைவில் நிறுத்தி விஷயத்தைச் சொன்னேன். அவர்களில் மூத்தவர் பஞ்சவர்ணம் அக்கா. என் அம்மா வயது.

"ஏந்தாயி, ஒம் மெசினுக்காக நாங்க இன்னும் கீழ எறங்கி நடக்கணுமா? நாள் முச்சூடும் குனிஞ்சு காயெடுத்து முட்டி கழண்டு வர்றோம். நம்மால ஆகாது."

"நாட்டுக்காகக்கா" என்றேன், மேடைப் பேச்சுப் போட்டியில் பரிசு வாங்கியவள் தோரணையில்.

"நாங்க மட்டும் எந்த நாட்டுலத்தா இருக்கோம்?" என்று கேட்டுவிட்டு அக்கா ஜீப்பில் ஏறிக்கொண்டார்.

அழுகையை அடக்கிக்கொண்டு தீதியிடம் போய்ச் சொன்னேன். நாட்டுப்பற்று இல்லாதவர்கள் என்றுகூட ஏதோ உளறினேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அவங்க சரி. நடக்க வேண்டியது அவங்க இல்ல. மெஷின்."

மறுநாளே ஆரம்பித்துவிட்டார். மலையின் வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு சரிவெல்லாம் ஏறி இறங்கினோம். மேலே, தோட்டத்துக்குள் பாதையை விட்டு வெகுவாக விலகிய ஒரு மேடு அகப்பட்டது. தோட்டத்து முதலாளியும் சம்மதித்தார். இரும்பே இல்லாத கல்தூண், மரப்பெட்டி, பித்தளைத் திருகாணி என்று எல்லாம் தயாராயிற்று. கம்பி இல்லாமல் தூணா என்று கொத்தனார் எங்களைப் பரிதாபமாகப் பார்த்தார். அட்டை கடிக்கக் கடிக்க, கட்டடத்திலிருந்து செடிகளுக்கு நடுவே கேபிளை இழுத்துக்கொண்டு போனோம். தீதி காலில் உப்பைத் தேய்த்துக்கொண்டு ஏதோ வங்காளிப் பாட்டை முனகியபடி நடப்பார்.

கருவியை இடம் மாற்றிய ஞாயிற்றுக்கிழமை, கூப்பிடாமலே ஜீப்பில் வந்து இறங்கினார்கள் அந்தப் பெண்கள். முன்னால் பஞ்சவர்ணம் அக்கா.

"மெசினு நடக்குதாம்ல. எப்படி நடக்குதுன்னு பாக்க வந்தோம்."

பார்க்க வந்தவர்கள் சும்மா இருக்கவில்லை. கல் சுமந்தார்கள், மண் தள்ளினார்கள். எல்லாம் முடிந்து கோட்டைப் பார்த்தால், அது இன்னும் துடித்துக்கொண்டிருந்தது. நான் கட்டடத்திலிருந்து கத்த, தீதி மேட்டில் தேட, கடைசியில் ஆள் பிடிபட்டது. பெட்டியின் மேல் குனிந்து மண்ணைத் தட்டிக்கொண்டிருந்த பஞ்சவர்ணம் அக்காவின் தாலிக்கொடியில், முள் எடுக்க என்று ஒரு கொத்து ஊக்கு! அக்கா விலகியதும் கோடு பசு போலப் படுத்துவிட்டது.

"சூரியனுக்கு ஊக்கு ஆகாதாம்டி. எல்லாரும் கழட்டுங்க வெரசா!" என்று அக்கா உத்தரவு போட்டார். ஒரு தேக்கிலை நிறைய ஊக்குகள் சேர்ந்தன. மலையே சிரித்தது என்று எழுதினால் மிகை. ஆனால் அன்று நாங்கள் சிரித்த சிரிப்புக்கு மிகை ஒன்றும் தப்பில்லை.

கூட்டு அளவீடு தொடங்கிய சில நாட்களில், சூரியனில் ஒரு வெடிப்பு என்று வெளிநாட்டிலிருந்து தகவல் வந்தது. நம்மை நோக்கி வரலாம், வராமலும் போகலாம். அந்தக் காலத்தில் அவ்வளவுதான் தெரியும். நாடு முழுக்க எல்லாரும் கோட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தோம். முற்பகல். குரங்கணியில் மேகம் இறங்கி, சூரியன் எந்தப் பக்கம் இருக்கிறது என்றே தெரியவில்லை. படுத்துக் கிடந்த கோடு சட்டென்று எழுந்து, நேராக மேலே தாவியது.

தொலைபேசியில் குரல்கள் மோதின. இமயமலை அடிவாரம் பார்த்துவிட்டது. பாலைவனத்து ஊர் பார்த்துவிட்டது. மேற்குக் கடற்கரை பார்த்துவிட்டது. "போடி?" என்றார் ஒருங்கிணைப்பாளர். கற்ற ஆங்கிலமெல்லாம் காணாமல் போய், "வந்துருச்சு!" என்று கத்திவிட்டேன். மறுமுனையில் யாரோ ஒருவர், எந்த மாநிலமோ, "வந்துருச்சு!" என்று திருப்பிச் சொன்னார். இன்னொருவர் சொன்னார். அப்புறம் எல்லாருமே.

எல்லா ஊர்க் கோடுகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தார்கள். வடக்கை விட எங்கள் தாவல் பெரிது. தலைக்கு மேலே ஓடும் அந்த ஆறு பொங்கியதன் அடையாளம். ஒரு பல்கூட இல்லை. "போடி சுத்தம்" என்றார் ஒருங்கிணைப்பாளர். தீதி வாசற்படியில் உட்கார்ந்து, மேகத்தைப் பார்த்தபடி அந்த வங்காளிப் பாட்டை முனகினார். கருவி எங்கேயும் போகவில்லை.

மறுவாரம் வீட்டு அலமாரித் தட்டு காலியாக இருந்தது. "எதுத்த வீட்டுப் பிள்ளைக்குக் குடுத்துட்டேன். ஒனக்குத்தான் சோலி இருக்கே" என்றார் அப்பா, செய்தித்தாளிலிருந்து முகத்தை எடுக்காமலே.

இப்போது நான் வேறொரு நகரத்தில், சூரியப் புயலை முன்கூட்டிச் சொல்லும் குழுவில் இருக்கிறேன். நம் நாட்டு விண்கலமே சூரியனைப் பார்த்து நின்று தகவல் அனுப்புகிறது. காந்தமானிகள் பல கல்லூரிகளுக்கு வந்துவிட்டன, தாமாகவே அளந்து தாமாகவே அனுப்புகின்றன. காலை நேரத் தொலைபேசிக் கூட்டம் நின்றுபோய்ப் பல வருஷம் ஆகிறது. யாரும் கோட்டுக்கு முன்னால் வாயைப் பிளந்துகொண்டு உட்கார வேண்டியதில்லை. அதற்காகத்தானே அத்தனை பேரும் பாடுபட்டோம்!

எங்கள் கருவியும் அடிவாரத்துக் கல்லூரி ஒன்றுக்கு இறங்கிவிட்டது. போன விடுமுறையில் பால்பாண்டி அண்ணனோடு மேலே போனேன். ஓட்டுக் கட்டடம் இல்லை. தூண் நின்ற மேட்டைத் தேடினோம். ஏலம் ஆள் உயரத்துக்கு மேல் அடர்ந்து நின்றது. அண்ணன் ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமுமாகப் புகுந்து பார்த்தும், எந்தச் செடிக்கு அடியில் என்று கண்டுபிடிக்க முடியவில்லை. கடைசியில் அண்ணன் ஒரு தூரைக் கையால் ஒதுக்கிக் காட்டினார். மண்ணை ஒட்டிப் படர்ந்த சரமெல்லாம் பச்சைப் பச்சையாய்க் காய்.

"இதுக்குக் கீழயாத்தான் இருக்கும்" என்றார். "அடுத்த காயெடுப்புக்கு ரெடி, பாரு."