சாப்பிட்டவர்கள் கரையில்

ஆகஸ்ட் பதினைந்தாம் தேதி லிபோரியோ குடும்பம் கடற்கரைக்கு வருவதைப் பார்த்தால், வீட்டைக் காலி செய்துவிட்டார்களோ என்றுதான் தோன்றும். மேசை, நாற்காலி, குடைகள், ஐஸ் பெட்டி, துணியில் சுற்றிய பாஸ்தாத் தட்டு. அன்று மாதா விண்ணேற்புத் திருநாள். விண்ணேற்பையே பெயராகக் கொண்ட லிபோரியோவின் மனைவி அசுந்தாவுக்குப் பெயர்த் திருநாளும் அதுதான். ஆனால் விடியுமுன் எழுந்து எல்லோருக்கும் கத்திரிக்காய் பொரித்தவளும் அவளேதான்.

அசுந்தா துறைமுகத் தெருவில் பிறந்தவள். நடக்கப் பழகிய கையோடு நீந்தவும் பழகிவிட்டாள். கல்யாணத்துக்கு முன்பு தினமும் எதிரே தெரியும் வெள்ளைப் பாறைவரை நீந்திப் போய், அதன்மேல் உட்கார்ந்து கூந்தலைக் காயவைப்பாள். லிபோரியோ அவளை முதன்முதலில் பார்த்ததும் அங்கேதான். பார்த்தவர் சும்மா இருந்தாரா? கட்டிக்கொண்டு வந்து கரையில் உட்கார வைத்துவிட்டார்.

மூன்று பையன்கள் பிறந்ததும் அவளுக்குக் காவல் வேலை. சாப்பிட்டவர்கள் மூன்று மணி நேரம் கடலில் கால் வைக்கக் கூடாது என்பது சிசிலித் தாய்மாரின் சட்டம். அசுந்தா வீட்டிலோ அது வேதவாக்கு. மூத்தவன் ஜெர்லாந்தோ லாரி ஓட்டுகிறான், தலையில் பாதி வழுக்கை. இன்னமும் ஒரு பழம் தின்றால்கூட அம்மா முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் தண்ணீர்ப் பக்கம் போவான். காவல் காத்தவளோ இத்தனை வருஷமாகக் கணுக்காலுக்கு மேல் நனைந்ததில்லை. காலையில் சமையல் சாமான் இறக்க வேண்டும், மத்தியானம் அவளும் சாப்பிட்டவள், அதற்குப் பிறகு மூட்டை கட்டும் நேரம். பாவம், எப்போது இறங்குவாள்?

அன்று காலை மேசையை விரித்துக்கொண்டே சொன்னாள்:

"ஏங்க, இன்னைக்கு என் திருநாள். பாறை வரைக்கும் நீந்திட்டு வரப்போறேன்."

அலை நுனியில் தர்பூசணியைக் குளிர்வதற்காக ஈர மணலில் புதைத்துக்கொண்டிருந்த லிபோரியோ நிமிரவே இல்லை. "போயேன், யார் வேணாம்னா? முதல்ல சாப்பாட்டைப் போட்டுட்டுப் போ."

நாத்தனார் வெனேராவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "அண்ணி, நீங்க இறங்கினா கடல் ரோட்டுக்கு வந்துடும்!"

எல்லோரும் சிரித்தார்கள். அசுந்தாவும் சேர்ந்து சிரித்தாள், ஆனால் மனசு சுட்டது. அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

மத்தியானம் பரிமாறினாள் பாருங்கள், அப்படி ஒரு பரிமாறல்! "இன்னும் கொஞ்சம் போட்டுக்கோ. வெனேரா, இந்த ஓரத்துத் துண்டு உனக்குத்தான்." அவள் மட்டும் உட்காரவே இல்லை. அதை யாரும் கவனிக்கவில்லை. என்றைக்குத்தான் கவனித்தார்கள்?

உண்ட மயக்கத்தில் குடும்பமே குடைக்கடியில் சாய்ந்தது. அசுந்தா கவுனைக் கழற்றி மடித்து வைத்தாள். உள்ளே, காலையிலிருந்தே, கறுப்பு நீச்சலுடை.

இடுப்பளவு தண்ணீரில் அவள் நிற்பதை முதலில் பார்த்தவன் ஜெர்லாந்தோ. "அம்மா! சாப்பிட்டுட்டு இறங்கிட்டியா? நீ செத்துருவேம்மா!"

அவள் திரும்பிப் பார்த்தாள். "நான் எங்கடா சாப்பிட்டேன்?"

வெனேரா மேசையைப் பார்த்தாள். அண்ணியின் தட்டு கவிழ்த்தது கவிழ்த்தபடி இருந்தது. "ஐயோ அண்ணே! ஒரு வாய்கூடச் சாப்பிடலையே!"

"யாராவது போய் இழுத்துட்டு வாங்கடா!" என்று லிபோரியோ கத்தினார். பையன்கள் மூவரும் ஓடினார்கள். அசுந்தா விரலை உயர்த்தினாள்.

"ஜெர்லாந்தோ! எத்தனை தட்டு தின்னே?"

"ரெண்டும்மா."

"அப்போ கால வைக்காதே!"

தூக்கிய கால் தூக்கியபடி நின்றது. தம்பிகளும் நின்றார்கள். அவ்வளவு பெரிய கடலில் அவளைத் தொந்தரவு செய்ய ஒருவருமில்லை. நீச்சலைக் கை மறந்திருக்கவில்லை. மூச்சு வாங்கியபோது மல்லாந்து மிதந்தாள், பிறகு மறுபடி கையை வீசினாள். பாறையைப் பிடித்து ஏறி உட்கார்ந்து, கொண்டையை அவிழ்த்தாள். அவளுக்கு அழுகை வந்தது. சந்தோஷ அழுகைதான்.

வெனேரா தர்பூசணியை வெட்டி அண்ணனிடம் ஒரு துண்டை நீட்டினாள். லிபோரியோ பாறையிலிருந்து கண்ணை எடுக்காமல் அதைத் தள்ளிவிட்டார்.

"வேணாம். இதைத் தின்னா முதல்லேர்ந்து மூணு மணி நேரம் காத்திருக்கணும். அவ அங்க தனியா உக்காந்திருக்கா."