கழுவிய கல்

என் வீட்டுக்காரருக்குக் கம்ப்யூட்டரில் எண்ணெய் எடுக்கும் வேலை. பூமிக்கடியில் விரிசல் விட்ட பாறை; அதன் நுண்துளைகளில் எண்ணெய். ஒரு கிணறு வழியாகத் தண்ணீரை இறக்கினால் அது விரிசல்களில் ஓடும். பாறை தண்ணீரைக் குடித்து எண்ணெயை வெளியே தள்ளும், பக்கத்துக் கிணற்றில் எடுத்துக்கொள்ளலாம். எவ்வளவு தள்ளும் என்று முன்கூட்டியே கணக்குப் போட்டுச் சொல்வதுதான் இவர் பிழைப்பு. அடுப்பில் பால் பொங்கப் போவது மட்டும் இந்த மனுஷனுக்குத் தெரியாது.

அதே அலுவலகத்தின் கீழ்த்தளத்தில் பாறைத் துண்டுகள் எவ்வளவு தண்ணீர் குடிக்கின்றன என்று சோதித்துத் தருபவள் என் தங்கை. அங்கேயும் பழக்கதோஷத்தில் இவரை “அத்தான்” என்று கூப்பிட்டுவிடுவாள்.

“ஆபீஸ்ல சார்னு கூப்பிடு. மானத்த வாங்காத” என்று சிடுசிடுப்பார்.

இந்த முறை வந்த துண்டுகளில் ஒரே எண்ணெய்ப் பிசுக்கு. தண்ணீரில் போட்டு நாளாகியும் ஒரு சொட்டுக் குடிக்கவில்லை. இவருக்கோ அவசரம். அவளிடம் போய், “பெட்ரோல் மாதிரி எதையாவது ஊத்தி நல்லாக் கழுவிட்டுப் போடும்மா” என்றார். கழுவிய கல் மடமடவென்று குடித்தது. அந்த அளவை வைத்தே கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டு, மேலதிகாரியிடம் சபாஷும் வாங்கிக்கொண்டார்.

பூமிக்குள் கிடக்கும் பாறையை யார் போய்க் கழுவுவது? அது பிசுக்கோடு அப்படியே கிடந்தது. இவர் கணக்கை நம்பி இறக்கிய தண்ணீர் விரிசல் வழியே ஒரே ஓட்டமாக ஓடி, பக்கத்துக் கிணற்றில் வெறும் தண்ணீராக வந்து நின்றது.

மேலதிகாரி கூட்டம் போட்டுக் கேட்டபோது, என் புருஷன் மேஜையைப் பார்த்துக்கொண்டு, “லேப்ல கழுவிட்டாங்க சார்” என்றிருக்கிறார். அன்றே என் தங்கையை இனி வேலைக்கு வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

சாயங்காலம் அவள் எங்கள் வீட்டுக்கு வந்து சொல்லித்தான் எனக்கு இதெல்லாம் தெரியும். இவர் தட்டில் சோற்றைப் பிசைந்தபடி தலையைத் தூக்காமல் உட்கார்ந்திருந்தார்.

“யார் சொல்லிக் கழுவினேன்னு அங்க நான் வாயத் திறக்கலக்கா. உன் முகத்துக்காகத்தான்” என்றாள்.

எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருந்தது. என் தங்கை முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

“சோறு இறங்குதா உங்களுக்கு?” என்று கேட்டேன்.

“எல்லாரும் என்னையே பாத்தாங்க. வெக்கமாப் போச்சு. வாயில வந்தத சொல்லிட்டேன்” என்றார்.

“இப்ப வெக்கமா இல்லியா?”

கையைக் கழுவிவிட்டு வந்து, எங்கள் எதிரிலேயே மேலதிகாரிக்குப் போன் போட்டார். “சார், கழுவச் சொன்னது நான்தான். அந்தப் பொண்ணு நான் சொன்னதத்தான் செஞ்சுது.” அந்தப் பக்கம் விழுந்த திட்டு எனக்கே கேட்டது. “சரி சார், சரி சார்” என்று கூனிக் குறுகி நின்றார். போனை வைத்தபோது முகமெல்லாம் வேர்த்திருந்தது.

“நாளைக்கு உன்ன லேப்புக்கு வரச் சொல்லிட்டாரு. ஒரு வாய் சாப்பிட்டுப் போம்மா” என்றார் அவளிடம்.

அவள் பையை எடுத்துக்கொண்டாள். “வரேன்க்கா” என்று என் கையைப் பிடித்தாள். செருப்பை மாட்டிக்கொண்டு இவர் பக்கம் திரும்பினாள்.

“வரேன் சார்.”