வானத்து இரைச்சலும் ஒரு இன்ஸ்பெக்டரும்

மலாயாவில் அவசரகாலச் சட்டம் அமலில் இருந்த ஆண்டுகளில், மலாக்கா மாநிலத்தில் லூபோக் சீனா பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் கிராணியாக, அதாவது கணக்கெழுதும் குமாஸ்தாவாக இருந்தேன். கல்யாணமாகி நான்கு மாதம். காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகளுக்கு உதவுகிறான் என்று சந்தேகம் வந்தாலே போதும், விசாரணையில்லாமல் உள்ளே வைத்துவிடுவார்கள்.

அந்த நேரம் பார்த்துத்தான் எனக்கு ஒரு பைத்தியம் பிடித்தது. வானத்தில் பரவிக்கிடக்கும் ஹைட்ரஜன் வாயு மெல்லிய ரேடியோ இரைச்சல் எழுப்புகிறது, தொலைநோக்கிக்குத் தப்பிய மங்கலான விண்மீன் மண்டலங்களைக்கூட அதை வைத்து ஒருநாள் தேடலாம் என்று ஓர் ஆங்கிலப் பத்திரிகையில் படித்தேன். அதற்கான கருவி எனக்கு எட்டாது. ஆனால் நம் பால்வீதி மொத்தமாக எழுப்பும் இரைச்சலைப் பழைய ரேடியோவிலும் பிடிக்கலாமாம். போர்க்காலத்துப் பெட்டி ஒன்றை வாங்கி, லாரி பேட்டரியில் ஓட்டி, இரைச்சலின் அளவைக் காட்ட முள் வைத்த மீட்டர் ஒன்றைப் பொருத்தி, கூரைமேல் கம்பி கட்டினேன். ஞாயிறு பிற்பகல்களில் பால்வீதி தலைக்கு மேலே வந்து இரைச்சல் உச்சத்துக்கு ஏறும் நேரத்தை நோட்டில் குறித்தேன். முதல் வாரம் நாலே முக்கால். பிறகு நாலே கால், மூணே முக்கால், மூணே கால். விண்மீன்கள் வாரத்துக்கு ஏறக்குறைய அரைமணி முந்தி வருவதால் அப்படி.

யாரோ சொல்லிவிட்டார்கள். திங்கட்கிழமை காலையிலேயே போலீஸ் வந்துவிட்டது. இன்ஸ்பெக்டர் தமிழர். நோட்டைப் புரட்டினார்.

“என்ன கிராணி, வாரா வாரம் நேரம் மாறுது? அந்தப் பக்கம் யாரு பேசுறா?”

“யாரும் பேசலைங்க சார். வானத்துலேர்ந்து வர்ற சத்தம்.”

கூட வந்தவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

“வானம்னா அடுத்து எப்ப வரும்னு தெரியும்தானே? இந்த ஞாயிறு விட்டு அடுத்த ஞாயிறு எத்தனை மணிக்கு? சொல்லுங்க லா.”

“ரெண்டே கால் சார்.”

அதை எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னார். பெட்டியையும் நோட்டையும் எடுத்துப் போனார். நான் தினமும் ஸ்டேஷனுக்குப் போய் முகம் காட்ட வேண்டும்.

சொன்ன ஞாயிறு வந்தது. என் மனைவி இரண்டு கைலி, சட்டைகளை ஒரு பையில் மடித்து வைத்தாள். அதை நான் கதவோரம் வைத்தேன். ஒன்றரைக்கெல்லாம் இன்ஸ்பெக்டர் பெட்டியோடு வந்து, மீட்டர் முள்ளின் எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்தார். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அவரே எண்ணைக் குறித்தார். தூரத்தில் இடி உறுமியது. மின்னல் நெருங்கினால் முள் தாறுமாறாகத் துள்ளும், எல்லாம் கெட்டுவிடும்.

முள் மெல்ல ஏறியது. ரெண்டே காலுக்கும் ஏறிக்கொண்டே இருந்தது. ரெண்டு இருபதுக்குத்தான் நின்று, இறங்கத் தொடங்கியது.

“அஞ்சு நிமிஷம் லேட்டு, கிராணி” என்று நோட்டைத் திருப்பித் தந்தார். வாசல் வரை போனவர் திரும்பினார். “கம்பிய எறக்கிடுங்க. எனக்கு மாற்றல் வந்தா, அடுத்து வர்ற ஆளு இப்படி உக்காந்து பாப்பாரான்னு தெரியாது.”

அன்றே இறக்கிவிட்டேன்.

இப்போது ஹைட்ரஜன் இரைச்சலைத் தேடி, தொலைநோக்கிப் படங்களில் தவறிய மங்கலான மண்டலங்களைக் கண்டுபிடிக்கிறார்கள் என்று படிக்கும்போதெல்லாம் அவர் முகம்தான் நினைவுக்கு வருகிறது. ஒரே கையெழுத்தில் என்னை உள்ளே தள்ளியிருக்கக்கூடிய அந்த மனிதர், தனக்குப் புரியாததைக் குற்றம் என்று முடிவுகட்டாமல் இரண்டு வாரம் பொறுத்திருந்தார். அதன்பிறகு யாரைப் பற்றியும் அவசரப்பட்டு ஒரு முடிவுக்கு வர எனக்கு மனம் துணிந்ததில்லை.