மீன் புதுசு, வீடியோ பழசு

அமுதவல்லியை ஒரு லட்சத்துப் பன்னிரண்டாயிரம் பேர் போனில் பின்தொடர்ந்தார்கள். அவளிடம் மீன் வாங்கியது நாற்பத்து மூன்று வீடு. இந்த இரண்டு எண்ணும் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாதவை என்று அவளுக்குத் தெரியவந்தது பிப்ரவரி மாதத்தில் ஒரு சனிக்கிழமை.

மணமேல்குடிக்குப் பக்கத்தில் கடலோரக் கிராமம். வயது நாற்பத்தொன்று. கணவர் வீரய்யா விசைப்படகில் வேலைக்குப் போகிறவர். அமுதவல்லி விடியுமுன் கரைக்குப் போய் ஏலத்தில் மீன் எடுப்பாள். இன்னும் மூன்று பெண்களோடு லோடு ஆட்டோவில் ஏறி அறந்தாங்கி போவாள். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கும் மூன்று தெரு அவளுடையது. பதினாறு வருஷமாக அந்தத் தெருக்களில் யாரும் அவள் கொண்டுவரும் மீனின் செவுளைத் தூக்கி, புதுசா என்று பார்த்ததில்லை. பாத்திரத்தை நீட்டுவார்கள், அவள் போடுவாள், அவ்வளவுதான்.

போன் வந்தது மாடிப்படியால். மூன்று மாடி ஏறிப் போய், "என்ன மீனு?" என்ற கேள்விக்குப் பதில் சொல்லி, "அது வேணாம்" என்று கேட்டுவிட்டு இறங்குவதில் முழங்கால் தேய்ந்துவிட்டது. ஏலம் முடிந்ததும் கூடையைப் படமெடுத்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட ஆரம்பித்தாள். வேண்டியவர்கள் முன்கூட்டியே சொல்லிவைத்தார்கள். வேண்டாதவர்கள் வீட்டு மாடியை அவள் ஏறவில்லை.

அதோடு நின்றிருக்கும். வீரய்யாவின் தங்கை அழகி நிற்க விடவில்லை. அழகி புருஷனோடு ஒத்துவராமல் பிறந்த ஊருக்கே திரும்பி, கருவாடு போட்டுப் பிழைக்கிறவள். வாய் அதிகம், கண்ணும் கூர்மை.

"மதினி, ஒங்க கொரலுக்கு நாப்பத்து மூணு வீடெல்லாம் பத்தாது. ரீல்ஸ் போடுவோம்."

முதல் மாதம் இருநூற்றுப் பன்னிரண்டு பேர் வந்தார்கள். அதில் பாதி சொந்தக்காரர்கள். அமுதவல்லி விடவில்லை. எதைப் போட்டால் ஆள் நிற்கிறது, எதில் ஓடுகிறது என்று தினமும் பார்த்தாள். வணக்கம் சொல்லி ஆரம்பித்தால் ஓடிவிடுகிறார்கள். கத்தி பலகையில் விழும் சத்தத்தோடு ஆரம்பித்தால் நிற்கிறார்கள். முகம் அப்புறம், மீன் முதலில். திட்டுகிறவனுக்குப் பதில் சொன்னால் அந்த வீடியோ இன்னும் பத்தாயிரம் பேருக்குப் போகிறது. இது பிடிபட்ட பிறகு, எவனுக்குப் பதில் சொல்லலாம் என்று அவளே தேர்ந்தெடுத்தாள். மீன் நாற்றத்தைப் பற்றி எழுதியவனுக்குச் சொன்னாள். சேலையைப் பற்றி எழுதியவனை பிளாக் பண்ணித் தூக்கிவிட்டாள்.

திருக்கையின் வாலை வெட்டி, முள்ளை ஒதுக்கி, தோலை உரிக்கும் வீடியோவை நான்கு லட்சம் பேர் பார்த்தார்கள். கோலாலம்பூரிலிருந்து ஒருவர், எங்கள் ஊருக்கு அனுப்புவீர்களா என்று கேட்டார். "கெளம்பி வாங்க, பஸ் ஸ்டாண்டுல வந்து கூட்டிக்கிறோம்" என்று அழகி பதில் போட்டாள். வீரய்யா சாப்பிட்டுக்கொண்டே சொன்னார்: "ஒரு லட்சம் பேரும் வந்தா நம்ம கரை தாங்காது. முறை வச்சு வரச்சொல்லு."

கூட்டம் சேர்ந்ததும் அழகிக்கு ஒரு சட்டம் கிடைத்தது. தினமும் போட வேண்டும், ஒரு நாள் விட்டாலும் ஆள் கலைந்துவிடும். வேறு யாரோ வீடியோவில் சொன்னதாம். ஆனால் கடல் அப்படித் தினமும் ஒரே மாதிரி கொடுப்பதில்லை. அந்தக் கரையில் விசைப்படகுகள் திங்கள், புதன், சனி கிளம்பும், மறுநாள் காலை திரும்பும். மற்ற நாட்கள் நாட்டுப்படகுக்கு. விசைப்படகு வந்தால் கூடை கூடையாக இறால், கணவாய். நாட்டுப்படகில் கொஞ்சம் நகரை, கொஞ்சம் மத்தி, அதிர்ஷ்டம் இருந்தால் ஒரு கொடுவா. கரையில் பிறந்த குழந்தைக்கும் இந்தக் கிழமைக் கணக்கு தெரியும். அறந்தாங்கிக்குத் தெரியாது. அமுதவல்லியும் சொன்னதில்லை.

அந்தச் சனிக்கிழமை காற்று சரியில்லை. நாட்டுப்படகில் வந்த நகரை ஏழெட்டுக் கிலோ அவள் பங்குக்குக் கிடைத்தது. நல்ல மீன்தான், துள்ளி அடங்கியது. ஆனால் வீடியோவில் எடுபடாது. அழகியின் போனில் வியாழக்கிழமை எடுத்தது ஒன்று இருந்தது. வெயில் பட்டு இறால் மின்னிக்கொண்டு கூடையிலிருந்து கொட்டும் காட்சி.

"இதைப் போடுவோம் மதினி."

"அது முந்தாநாளு எடுத்ததுடி."

"வீடியோ கெட்டுப்போறதுக்கு அது என்ன மீனா?"

லோடு ஆட்டோக்காரர் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார். அமுதவல்லி போனை வாங்கி, "இன்னைக்குக் காலைல நம்ம கரைக்கு வந்த எறா, பாருங்க" என்று குரல் கொடுத்துவிட்டு ஏறிவிட்டாள். ஆறு விநாடி வேலை.

ஆட்டோ பாதி வழியில் இருக்கும்போதே குவைத்திலிருந்து கோபிநாத் என்று ஒருவர் எழுதிவிட்டார். பக்கத்து ஊர்க்காரர். "அக்கா, இன்னைக்குச் சனிக்கிழமை. வெசப்போட்டு இப்பத்தான் கடலுக்கே போகுது. இந்த எறா நீந்தியே கரைக்கு வந்துச்சா?" அதற்குத் தொள்ளாயிரம் பேர் சிரித்திருந்தார்கள். அடுத்தவர், அப்ப ஐஸ் மீனா என்று கேட்டார். அதற்கடுத்தவர் மருந்து போட்ட மீனா என்று கேட்டார். சாயங்காலத்துக்குள் இரண்டு லட்சம் பேர் பார்த்துவிட்டார்கள். அழகி பதறி அழித்தாள். அழித்த பிறகுதான், யாரோ எடுத்துவைத்திருந்த பிரதி இன்னும் வேகமாகப் பரவியது.

மறுநாள் ஞாயிறு. உண்மையாகவே விசைப்படகு திரும்பிய நாள். இறாலும் இரண்டு கொடுவாயும் கூடையில் இருந்தன. கௌசல்யா டீச்சர் கேட்டைத் திறந்தார். அரசுப் பள்ளியில் கணக்கு நடத்துகிறவர். அந்தத் தெரு வாட்ஸ்அப் குரூப்பை நடத்துகிறவரும் அவர்தான். புதிதாகக் குடிவரும் எவருக்கும் அமுதவல்லியின் நம்பரைக் கொடுப்பதும் அவர்தான்.

"டீச்சர், நல்ல கொடுவா வந்திருக்கு."

"எப்ப வந்தது?"

"இன்னைக்குக் காலைல."

"நேத்தும் அதைத்தானே சொன்னீங்க."

குரல் உயரவில்லை. குனிந்து, கொடுவாயின் செவுளைக் கட்டைவிரலால் தூக்கிப் பார்த்தார். சிவப்பாகத்தான் இருந்தது. கையைத் துடைத்துக்கொண்டார்.

"குரூப்புல முப்பத்தெட்டுப் பேரு. கண்ண மூடிக்கிட்டு வாங்குங்கன்னு சொன்னது நானு. இப்ப எல்லாரும் என்னையக் கேக்குறாங்க. நான் என்ன சொல்ல?"

அமுதவல்லி கூடையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டாள். அன்று கூடையில் பாதி திரும்பி வந்தது. அழகி அதை உப்பில் போட்டாள்.

திங்கட்கிழமை அமுதவல்லி தானே போனை எடுத்தாள். கத்தி இல்லை, மீன் இல்லை. "சனிக்கெழம போட்ட எறா வீடியோ வியாழக்கெழம எடுத்தது. இன்னைக்கு வந்ததுன்னு நான் சொன்னது பொய்யி. அன்னைக்கு நான் வித்த மீனு புதுசு, வீடியோதான் பழசு. தப்பு என்னோடது." பொய்யை இரண்டு லட்சம் பேர் பார்த்திருந்தார்கள். இதைப் பார்த்தவர்கள் மூவாயிரத்து நூறு பேர். அவர்களும் சிங்கப்பூர், கனடா. பரவாயில்லை அக்கா என்று வரிசையாக இதயம் போட்டார்கள். அவர்களுக்கு நஷ்டமும் இல்லை, மன்னிப்பதில் கஷ்டமும் இல்லை. அறந்தாங்கி வீடுகளுக்கு ஒவ்வொன்றாகப் போன் போட்டுக் கேட்டாள். தப்பைக் கிட்டத்தட்ட எல்லாரும் பார்த்திருந்தார்கள். மன்னிப்பைப் பார்த்தது ஆறு வீடு.

"அப்ப நடந்துதான் போகணும்" என்றாள்.

"வீடு வீடாவா?" என்றாள் அழகி. "ஓட்டுக் கேக்கப் போற மாதிரில்ல இருக்கு."

"ஆமா. நீயும் வா."

"எனக்கென்ன வேல அங்கிட்டு?"

"பேசுனது நானு. போடுவோம்னது யாரு?"

புதன்கிழமை கூடை இல்லாமல் இரண்டு பேரும் பஸ் ஏறினார்கள். அழகி நல்ல சேலையாகக் கட்டியிருந்தாள். முதல் வீடு பூட்டியிருந்தது. இரண்டாவது வீட்டில் அன்று போனை எடுத்தது மனைவி, வீட்டுக்காரருக்கு விஷயமே தெரியாது. காட்டுங்க பார்ப்போம் என்று போனை வாங்கிப் பார்த்துவிட்டு, "அப்ப அந்த வாரம் நாங்க வாங்குனது?" என்று கேட்டார். நல்லா இருந்த வீட்டுலயும் தீ வச்சாச்சு என்று அழகி காதில் முணுமுணுத்தாள். ஒரு அம்மா, "வீடியோவுல வாரவங்க எல்லாம் இப்படித்தான், நீங்களும் அந்தக் கும்பல்ல சேந்துட்டீங்களா?" என்றார். ஒரு பெரியவர் இருபது நிமிஷம் நேர்மையைப் பற்றிப் பேசினார், தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. ஒன்பது வீட்டில் இனி வர வேண்டாம் என்று முகத்துக்கு நேராகச் சொன்னார்கள். ஒவ்வொரு வாசலிலும் அமுதவல்லி அதே நான்கு வாக்கியத்தைச் சொன்னாள். கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

டீச்சர் பள்ளிக்கூடம் விட்டு வர ஐந்து மணி ஆனது. பையைக்கூட இறக்காமல் கேட்டார்.

"போட்டு என்னைக்குப் போகும், என்னைக்கு வரும்?"

சொன்னாள்.

"பதினாறு வருஷமா வாரீங்க. இதை எங்ககிட்ட ஏன் சொன்னதே இல்ல?"

அமுதவல்லி அழகியைப் பார்த்தாள். அழகி ரோட்டைப் பார்த்தாள்.

"தெரிஞ்சா போட்டு வர்ற நாள்ல மட்டுந்தான் வாங்குவீங்கன்னு பயம், டீச்சர்."

"இப்ப அந்தப் பயம் இல்லையா?"

"இருக்கு."

"இருந்தாலும் சொல்லுங்க. வீடியோவுலயும் சொல்லுங்க, வாசல்லயும் சொல்லுங்க. வாங்குறதும் வாங்காததும் நாங்க பாத்துக்குறோம்." அதற்குமேல் எந்த வாக்கும் கொடுக்கவில்லை. உள்ளே போய்விட்டார்.

அதற்கப்புறம் வந்த எல்லா வீடியோவும் கிழமையோடுதான் ஆரம்பித்தது. "இன்னைக்கு வெள்ளிக்கெழம. நாட்டுப்படகு மீனு. எறா கெடையாது." அழகிக்கு எரிச்சல். "வானிலை அறிக்கை வாசிக்கிற மாதிரி இருக்கு. எவன் நிப்பான்?" நிற்கவில்லைதான். ஒரு மாதத்தில் நாலாயிரம் பேர் கழன்றுகொண்டார்கள். கத்திச் சத்தத்தை வேண்டுமானால் கிழமைக்கு அப்புறம் வைத்துக்கொள் என்று அமுதவல்லி இறங்கிவந்தாள். அதற்குமேல் இறங்கவில்லை. கோபிநாத் தினமும் வந்து சரிபார்த்தார். தூக்கிவிடலாம் என்றாள் அழகி. "இருக்கட்டும். காசு வாங்காம காவல் காக்குறான்" என்றாள் அமுதவல்லி.

ஏப்ரல் நடுவில் மீன்பிடித் தடைக்காலம் வந்தது. அறுபத்தொரு நாள் விசைப்படகு கரையை விட்டு நகராது. வீரய்யா கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டு வீட்டில் இருந்தார். அப்போது வெளியூர்க் கம்பெனி ஒன்று பேசியது. அவர்கள் பெட்டியில் அனுப்பும் மீனை இந்தக் கரையில் நின்று கையில் தூக்கிக் காட்ட வேண்டும், இங்கே பிடித்தது என்று ஒரு வரி சொல்ல வேண்டும். இரண்டு மாதத்தை ஓட்டுகிற அளவுக்குப் பணம் சொன்னார்கள்.

அமுதவல்லி யோசிக்கிறேன் என்றுகூடச் சொல்லவில்லை. "எங்க போட்டெல்லாம் கட்டிக் கெடக்குங்க. கோபிநாத்துன்னு ஒருத்தரு இருக்காரு, அவரு விட மாட்டாரு" என்று போனை வைத்தாள்.

"சமையல் வீடியோவாச்சும் போடுவோமே" என்றாள் அழகி.

"இவ சமையலு ருசின்னு சொல்லணுமே, அதுவும் பொய்யாத்தான் போகும்" என்றார் வீரய்யா, வலையிலிருந்து தலையைத் தூக்காமல்.

தடைக்காலத்திலும் விடியற்காலை ஐந்து மணிக்குக் கரைக்குப் போனாள். கட்டிக்கிடக்கும் படகுகளைக் காட்டினாள். "இன்னைக்குச் செவ்வாக்கெழம. நாட்டுப்படகு நாலு போச்சு. மூணு வெறுங்கையா வந்துச்சு. ஒண்ணுல ரெண்டு கிலோ முரலு. அறந்தாங்கிக்கு இன்னைக்கு நான் வரலை." பதினோரு விநாடி. பார்த்தவர்கள் சில நாள் இரண்டாயிரம், சில நாள் அதுவும் இல்லை. மீன் கிடைத்த நாளில் மட்டும் ஆட்டோ ஏறினாள். அந்தக் கொஞ்ச மீனை வாங்க ஆள் இருந்தது. டீச்சர் வீட்டில் நகரை வாங்கினார்கள், நாட்டுப்படகு மீன்தான் குழம்புக்கு ருசி என்று பக்கத்து வீட்டுக்கும் சொன்னார்கள். அவள் பயந்தது பாதிதான் நடந்தது. மே மாதக் கடைசியில் எண்ணிப் பார்த்தபோது முப்பத்தொரு வீடு இருந்தது. பன்னிரண்டு வீடு திரும்பவில்லை. அந்தக் கதவுகளை இப்போதும் தாண்டித்தான் போகிறாள், தட்டுவதில்லை.

ஜூனில் தடை முடிந்து விசைப்படகுகள் கடலுக்குப் போன அன்று சாயங்காலம் டீச்சரிடமிருந்து செய்தி வந்தது. பதினேழு வீட்டின் பெயர், ஒவ்வொன்றுக்கும் எதிரே இறால் எவ்வளவு, கணவாய் எவ்வளவு என்று. கடைசி வரி: நாளைக்குப் போட்டு வர்ற நாள்தானே, உறுதியாக் கிடைக்குமா?

"கெடைக்கும்னு போடுங்க மதினி" என்றாள் அழகி. "ரெண்டு மாசத்துக்கப்புறம் போயிருக்காங்க. கெடைக்காமயா போகும்?"

அமுதவல்லி போனை வாய்க்கு நேரே பிடித்தாள். "டீச்சர், போட்டு இன்னும் கடல்லதான் இருக்கு. கரைக்கு வந்தப்புறம் சொல்றேன்."

காலையில் கரை நிறையக் கூட்டம். வீரய்யா போயிருந்த படகு மூன்றாவதாக வந்தது. அவர் முன்னால் நின்று கையை ஆட்டினார். நிறைய என்கிறாரா, ஒன்றுமில்லை என்கிறாரா, தூரத்தில் தெரியவில்லை. அழகி போனைத் தூக்கி, எடுக்கட்டுமா என்று கேட்டாள்.

"இரு. கூடை எறங்கட்டும்."